பத்துக் கிலோ நாயும் இருபத்தைந்து கிலோக் குச்சியும்

பெப்ரவரி 4

தங்கச்சியின் மகள் ஜெனிற்றா மூன்று கிழமைப் பயிற்சிக்குக் கொழும்பு போய்விட்டாள். அவளுடைய பிங்கோ நாய் இனி என் பொறுப்பு. "மாமா கதை அளப்பார், நாயைக் குடுக்காத" என்று தாய்க்காரி தடுத்தும் பிள்ளை என்னிடம்தான் தந்தாள். எங்கள் தேற்றாத்தீவில் நாயைப் பற்றி என்னைவிட அறிந்தவன் இருந்தால் வரட்டும். வாவியில் முதலையின் வாயிலிருந்து நாயை இழுத்தெடுத்தவன் நான். (முதலை கொஞ்சம் சின்னது.)

பிங்கோவுக்கு நாளுக்கொரு மெல்லும் குச்சி கொடுக்கவேண்டும், கடையில் பெட்டியாக விற்பது. மென்றால் பல் ஊத்தை போகுமாம். நாயும் பல் தீட்டுகிற காலம்.

பெப்ரவரி 9

குச்சி முடிந்தது. ஹலீமின் கோழித்தீன் கடைக்குப் போனேன். அங்கே நாய்ச் சாமானும் உண்டு.

"நாய் எத்தனை கிலோ அண்ணன்? நிறை பார்த்துத்தான் பெட்டி."

சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விதம். கடையில் நாலு பேர் நின்றார்கள். நான் வளர்க்கிற நாயைச் சிறியது என்று சொல்ல வாய் வருமா?

"இருபத்தைந்து" என்றேன்.

"நாயா, கண்டுக்குட்டியா?"

"வந்து பாரன்."

பெரிய பெட்டியோடு நடுரோட்டால் வந்தேன்.

பெப்ரவரி 10

பிங்கோ குச்சியை நக்கிக்கொண்டு கிடக்கிறது. பழகும்.

பெப்ரவரி 11

இண்டைக்கு வாயில வாறபடியே எழுதுறன். காலையில குச்சியக் குடுத்திட்டு வேலியில நிண்டு தோணிக்காரரோட கதைச்சிக்கொண்டிருந்தன். என்ர மனுசி மக்டலின் கத்தினா — "இஞ்ச வாங்க, நாய்க்கு மூச்சு வருகுதில்ல."

முறிச்ச துண்டு தொண்டையில. கண் பிதுங்குது. அவ வாயை விரிச்சிப் புடிக்க நான் ரெண்டு விரலை விட்டு இழுத்தன். மூண்டாவது இழுவையில வந்திற்று. (தோணிக்காரருக்கு ஏழு எண்டு சொல்லியிருக்கன்.)

மூச்சு வந்த மறுகா பிங்கோ என்ர கையை நக்கிச்சு. அந்தப் புள்ளைக்கு என்னெண்டு சொல்லுவன்?

பெப்ரவரி 12

மிருக வைத்தியர் தராசில் ஏற்றினார். பத்துக் கிலோ.

"குச்சி நல்லதுதான் ஐயா, உங்கட நாய்க்கு இல்ல. நிறைக்கு ஏற்றது வாங்குங்க. நகத்தால அமத்திப் பாருங்க, தடம் பதியாட்டி நாய்க்குப் பல் உடையும். திண்டு முடியிற வரைக்கும் பக்கத்தில இருங்க."

"இந்தச் சைஸ் யார் தந்தது?" என்றும் கேட்டார்.

மக்டலின் என் முகத்தைப் பார்த்தாள். ஹலீமின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "என்ர பிழை" என்றேன். சொல்லிவிட்டேன், செத்துப்போகவில்லை.

பெப்ரவரி 13

ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இழுவை மூன்று என்றே சொன்னேன்.

"இப்ப மூச்செடுக்குதா மாமா?"

"என்னைவிட நல்லா."

"அம்மாவுக்குச் சொல்லாதேங்க. நாயைப் பறிச்சிருவா."

பெப்ரவரி 17

சின்னப் பெட்டி, சின்னக் குச்சி. காலையில் அரை மணி, நானும் பிங்கோவும் எதிரெதிரே. தோணிக்காரர் கூப்பிட்டாலும் எழும்புவதில்லை.

பெப்ரவரி 20

ஹலீமின் கடையில் ஒருத்தர் தன் குட்டி நாய்க்குப் பெரிய பெட்டி கேட்டார். ஆளைப் பிடித்துக்கொண்டேன். நிறை, நகம், பக்கத்தில் இருப்பது எல்லாம் விளக்கினேன். "அண்ணன் டொக்டராகிட்டார்" என்றான் ஹலீம். மறுக்கவில்லை. மனிதர் சின்னப் பெட்டியோடு போனார்.

பெப்ரவரி 26

ஜெனிற்றா வந்தாள், தாயோடு. பிங்கோவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அரிசிப் பல். தங்கச்சியும் குனிந்து பார்த்து, "பறவாயில்லையே" என்றாள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஏலாமல் போயிற்று. தொண்டையில் அடைத்த கதையை நானே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல், மூன்று இழுவை என்றே. ஜெனிற்றா தலையில் கை வைத்தாள்.

"முதல்தரம் அளக்காமச் சொல்லியிருக்கிறீங்க" என்றாள் தங்கச்சி. பிறகு சொன்னாள்: "இவள் சித்திரையில திரும்பக் கொழும்பு போறாள், ஆறு மாசத்துக்கு. நாய் உங்களோட நிக்கட்டும் அண்ணன்."

ஓம் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.