ஃபேனை நிறுத்தச் சொன்ன அத்தியாயம்

ஒலிப்புத்தகங்களைக் கத்தரித்தே உலகாளும் என் மருமகளுக்கு,

நீ அனுப்பிய மூட்டையைப் படித்தும் கேட்டும் முடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அரசாங்கங்கள் நடுங்கும் என் தீர்ப்புகள் இதோ.

மன்னர்களின் வரலாறு: தூக்கிப் படித்ததில் என் தோள்கள் மல்யுத்த வீரனுடையவை ஆகிவிட்டன. யார் யாரை வென்றார்கள் என்பதுதான் மனதில் நிற்கவில்லை. கவிதைத் தொகுப்பு: பக்கத்துக்கு நான்கே வரி, மீதி இடத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன். துப்பறியும் கதை: கொலைகாரனை இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன். பாவி, கடைசிவரை நிரபராதியாகவே இருந்துவிட்டான்.

பிறகு அந்தக் கடல் நாவல். உன் அத்தை, பதிவில் எதிரொலி விழாமலிருக்க அலமாரிக்குள் என் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கடைசியாக வாசித்தது. கப்பல் கவிழப்போகும் நேரத்தில் சட்டென்று, "ஏங்க, அந்த ஃபேனை நிறுத்துங்க! பதிவுல இரையுது. முடிச்சதும் நானே சொல்றேன், அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறாள்.

எழுந்து போய் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான், அவள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

அதை வெட்ட மறந்துவிட்டதாக நேற்று போனில் மன்னிப்புக் கேட்டாய். திருத்திய பதிவில் நீக்கிவிடுவதாகவும் சொன்னாய். கத்தரியைக் கீழே வை, தாயே. வேண்டுமானால் கப்பலையே வெட்டிக்கொள். அந்த வரியைத் தொடாதே.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இந்தப் புழுக்கத்துல ஃபேன் போடாம உக்காந்திருக்கீங்க?" என்கிறார்.

அவரிடம் என்ன சொல்வது? முடித்துவிட்டதாக அவள் இன்னும் சொல்லவில்லையே.

வியர்வைக் கடலில் நீந்தும்
உன் மாமா