காற்று செத்த இடத்தில் நிறுத்திப் பார்த்த மோட்டார்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

இன்றைக்கு மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். நேற்று நடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் நிஜமாகவே வயிறு வலித்துவிடும் போலிருக்கிறது. அதனால் முதல் ஆளாக உங்களிடம். உறைக்குள் போட்டு ஒட்டப் போவதில்லை. நம் ஜனங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்கவும் இதில் இருக்கிறது.

சேதி என்ன என்று உடனே சொல்லமாட்டேன். சந்தைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் எத்தனை தடவை என்னைக் காக்க வைத்திருக்கிறீர்கள்? இப்போது நீங்கள் கொஞ்சம் காத்திருங்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு வலையில் கிடந்த கடல்பாம்பு உங்கள் விரலைக் கடித்தபோது பகல்தான். நம் ஜெகதாப்பட்டினத்துக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். ஆனால் காற்று செத்துவிட்டது. பாய் துவண்டு தொங்க, உங்கள் மகன் செல்வராசு உள்ளங்கை கிழியக் கிழியத் துடுப்புப் போட்டும், கரைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அதற்குள் உங்களுக்கு வாய் குழறிவிட்டது, இமை தூக்க முடியவில்லை. வெளிச்சத்தோடு வந்திருந்தால் ஆஸ்பத்திரியில் காப்பாற்றியிருப்பார்களா? எனக்குத் தெரியாது மச்சான். டாக்டருக்கும் தெரியவில்லை.

என் அக்காவை, உங்கள் பெண்டாட்டியை, அரித்தது வேறொன்று. மத்தியானத்திலிருந்து அந்தப் பாயை அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல மீன்பாடு கிடைத்திருக்கிறது, அதனால்தான் அங்கேயே நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கிறாள். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் செல்வராசுவைக் கடலில் கால் வைக்க விடவில்லை. நான் இன்ஜின் பார்க்கிற மில்லுக்கே கூட்டிப் போய் மூட்டை தூக்க வைத்தேன். பையன் வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். கடலில் பிறந்தவனைத் தவிட்டுத் தூசிக்குள் எத்தனை நாள் வைத்திருப்பது? இந்தப் பங்குனியில் அவன் வாய்விட்டே கேட்டுவிட்டான். அக்கா, காற்றை நம்பிப் போகிற எதிலும் என் பிள்ளை ஏறக்கூடாது என்றாள். அப்படியென்றால் மோட்டார் வைத்த படகு, நாம் சொல்கிற போட்டு. வேறு என்ன அர்த்தம்?

கோட்டைப்பட்டினத்துக் காசிம் மரைக்காயரிடம் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். நல்ல மரத்தில் கட்டிய போட்டு. பின்பக்கம் வெளியே தொங்கவிடுகிற பெட்ரோல் மோட்டார். அவர் உள்ளேயே டீசல் மெஷின் வைத்த பெரிய போட்டுக்கு மாறுகிறாராம். அக்கா தன்னிடம் மிச்சமிருந்த நகையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "நீ இன்ஜின்காரன். நீ சரின்னா சரி" என்றாள். எனக்கு மார்பு விரிந்துவிட்டது மச்சான். மில்லில் அத்தனை பெரிய ஆயில் இன்ஜினை ஆட்டிவைக்கிறவனுக்கு, தோளில் தூக்கிப் போகிற இந்த மோட்டார் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். வருகிறோம் என்று சொல்லி அனுப்பாமல், அக்காவையும் செல்வராசுவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். சொல்லிவிட்டுப் போனால், விற்கிறவன் விடியும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பான். சூடான மெஷின் எதுவும் ஓர் இழுப்பில் கிளம்பும். போனதும் வணக்கம்கூடச் சொல்லாமல் மோட்டார் தலையில் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மரைக்காயர் சிரித்துவிட்டு, காய்ச்சல் இல்லையே வைத்தியரே என்று கேட்டார்.

மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றை மெதுவாக இழுத்து, உள்ளே மூச்சுக் கட்டுகிறதா, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தேன். கட்டியது. பிளக்கைக் கழற்றினால், முனை பக்குவமாக வறுத்த காப்பிக்கொட்டை நிறம். கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. கீழே பல்சக்கர எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தேன். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரின் காலை இறக்கி ஓடவிட்டார்கள். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சத்தம் ஒரே சீர்.

அப்போதுதான் ஒரு குறை கண்டுபிடித்தேன் என்று குதித்தேன். பின்பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற மெஷினை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். மரைக்காயர் பொறுமையாக, அது ஒழுகவில்லை, அது அப்படித்தான் பீச்சவேண்டும், சூட்டைத் தணிக்க உள்ளே சுற்றி வருகிற தண்ணீர் அது, நின்றால்தான் ஆபத்து என்றார். மில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே தொட்டி கட்டித் தண்ணீர் விடுகிறவன் நான். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினேன். எட்டி நின்ற அக்கா மட்டும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவள்தான் வாயைத் திறந்தாள். "எல்லாம் சரிங்க பாய். காத்து செத்துப்போனா, இது உசுரோட இருக்குமா?"

மரைக்காயர் சிரிக்கவில்லை. "எனக்கு இதுவரைக்கும் கால வாரல தங்கச்சி. ஆனா என் பேச்ச நம்பி வாங்காதீங்க. ஒங்க கடல்ல ஓட்டிப் பாத்து வாங்குங்க" என்றார்.

அப்படித்தான் நேற்றுக் காலையில் அவர் போட்டை நம் கரைக்கே கொண்டுவந்தார். ராகு காலம் முடிந்து இறக்கலாம் என்று சொல்லி, மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து நிறுத்தினோம். அந்த நேரத்தில் உங்கள் மச்சினன் சும்மா இருப்பானா? ஆயுத பூஜைக்கு மில் இன்ஜினுக்கு நான் சந்தனம் பூசுகிற அழகைப் பார்க்கவே முதலாளி வீட்டுப் பெண்கள் வருவார்கள். கெட்டியாகக் குழைத்துக்கொண்டு தலையில் பூசினேன், தோளில் பூசினேன். கீழே காலில் விபூதிப் பட்டை மாதிரி வரிவரியாகக் கீறல்கள் இருந்தன. ஆகா, பட்டைக்கென்றே விட்டிருக்கிறான் பார் வெள்ளைக்காரன் என்று அதிலும் விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். ராகு காலம் முடிகிற வரைக்கும் வெயிலில் அது நன்றாகக் காய்ந்தது.

கிளம்பினோம் மச்சான்! செல்வராசு பின்னால் கைப்பிடியில், நானும் மரைக்காயரும் முன்னால். அந்த வேகத்துக்கு எனக்குச் சட்டை பறந்தது, வாய் காதுவரை போய்விட்டது. கரையில் இருந்த சனம் எல்லாம் சின்னதாகிக்கொண்டே போனது. நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே என்று நினைத்து முடிக்கவில்லை, தீய்ந்த நாற்றம் வந்தது. தலையில் பூசிய சந்தனம் வெடித்து உதிர்ந்தது. இரண்டு இருமல் இருமிவிட்டு மோட்டார் நின்றுபோனது.

நான் மரைக்காயரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரு விதவையின் தலையில் குப்பையைக் கட்டப் பார்த்தாயா என்று கேட்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் செத்துவிட்டது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். நல்லவேளை, காற்று இருந்தது. போட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த பாயை ஏற்றித் திரும்பினோம். செல்வராசு என்னைப் பார்க்கவே இல்லை. பையனுக்குக் கடல் இனி இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கரையில் அக்கா ஈரமணல் வரைக்கும் வந்து நின்றாள். அழுவாள், வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம், "அன்னைக்குப் பீப்பாயில ஓடுனப்ப பின்னாடி தண்ணி பீச்சுச்சு. இன்னைக்குக் கெளம்புறப்ப பாத்தேன், பீச்சல. தண்ணி உள்ள போற வழி எது?" என்றாள்.

மரைக்காயர் மோட்டாரின் காலைத் தூக்கினார். வரிவரியாக இருந்த கீறல்களைக் காட்டினார். அத்தனையிலும் என் சந்தனம், சுட்ட செங்கல் மாதிரி இறுகி, கடல்தண்ணீருக்கும் கரையாமல் உட்கார்ந்திருந்தது! இதைப் பூசும்போது நீர் எங்கே போனீர் என்று அவரிடமே கத்தினேன். "நீங்க சாமி காரியம் பண்றீங்க. நான் நின்னு பாத்தா மரியாதையா இருக்குமா? அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன்" என்றார்.

எனக்குப் பூமி பிளந்து உள்வாங்கினால் தேவலை என்று இருந்தது. செல்வராசு முதலில் சிரித்தான். மூன்று வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் கோபம்கூட வரவில்லை. மரைக்காயர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையில் ஈர்க்குச்சியைக் கொடுத்தார். உட்கார்ந்து அத்தனையையும் நோண்டி எடுத்தேன். ஆறவைத்து, பிளக்கைத் துடைத்துப் போட்டு, பீப்பாயில் ஓடவிட்டால், அதே சீரான சத்தம். பின்னால் தண்ணீரும் பீச்சியது. அந்தச் சூட்டைத் தாங்கியதென்றால் எதையும் தாங்கும் என்று நான் அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

அவளுக்கு அது போதவில்லை. "கரையில எதுவும் ஓடும். அன்னைக்கு அவுக பாய் தொங்குன எடத்துல இத நிறுத்திட்டு, திரும்பக் கெளப்பணும். அத நான் பாக்கணும்" என்றாள்.

பாக்கணும் என்றால்? பெண் பிள்ளை தொழில் போட்டில் ஏறுவதா? அதிலும் தாலி அறுத்தவள்? சுற்றி நின்றவர்கள் முனகினார்கள். எனக்கே பகீர் என்றது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னும் விலை பேசி முடிக்கவில்லை, வலையும் ஏறவில்லை, இப்போதைக்கு இது வெறும் மரம், மரத்தில் உட்காரப் போகிறேன், யாருக்கு என்ன என்று கேட்டாள். மரைக்காயர்தான் முதலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். உங்கள் பெண்டாட்டி மச்சான்! உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் உங்கள் பிடிவாதம் முழுக்க அவளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரையில் ஒரு பனையும் பள்ளிவாசல் மனோரா கோபுரமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்தபோது, இங்கேதான் என்று செல்வராசு சொன்னான். மோட்டாரை நிறுத்தினோம். பாயை நாங்கள் எடுத்துவரவே இல்லை. அப்படி ஒரு அமைதி. போட்டுப் பக்கவாட்டில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். அக்கா ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளப்பட்டுமா என்று கேட்டால், இரு என்றாள். இங்கே உட்கார்ந்து கரையைப் பார்த்தீர்களே, அப்போது உங்களுக்கு அவள் நிற்பது தெரிந்ததா மச்சான்?

அப்புறம் எழுந்து கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கப் போனேன். மரைக்காயர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இழுத்தாள். ஒன்றுமில்லை. மரைக்காயர் உதடு எதையோ ஓதியது. காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். பட்டென்று பிடித்துக்கொண்டது! பின்னால் தண்ணீர் வெள்ளிக் கம்பியாட்டம் பீச்சியது. நான் எழுந்து கத்தியதில் போட்டு ஆடிவிட்டது. செல்வராசு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். வழி முழுக்க அக்கா கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போட்டு மணலில் தட்டியது. அக்கா இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றபடி மேற்கே பார்த்தாள். சூரியன் பனைகளுக்கு ரொம்ப மேலே நின்றது. செல்வராசுவைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் இம்புட்டுப் பொழுது கெடக்கே ராசா" என்றாள். அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன், மரைக்காயரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, எடுத்துக்கிறோம் பாய் என்றாள். வாங்கிவிட்டோம் மச்சான், இதுதான் சேதி! நாளை மறுநாள் செல்வராசு கடலுக்குப் போகிறான். அவன் அம்மா போட்ட உத்தரவு ஒன்றே ஒன்றுதான். அதை நான் என் வாக்காக உங்களுக்கு எழுதித் தருகிறேன்: காற்று செத்த நாளில் வலை கிடக்கட்டும், மீன் போகட்டும், எவன் பாய் தொங்குகிறதோ, அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், முதலில் போய் அவனைக் கட்டி இழுத்து வெளிச்சத்தோடு கரை சேர்ப்போம். இனி நம் கரையில் ஒருத்தியும் தொங்குகிற பாயைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போகமாட்டாள்.

உங்களிடம் இன்றைக்கும் உரிமையோடு சண்டை போடுகிற,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி, உங்கள் மகனின் தாய்மாமன்,
மாணிக்கம்