செடெனாக் ராணிக்குப் புது இன்ஜின்

மார்ச் 2, 2024

என் வீட்டுக்காரர் லியோனார்ட் இன்று மறுபடியும் கப்பலுக்கு இன்ஜின் மாற்றினார். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் வரைய ஆரம்பித்த விண்கப்பல் அது. பக்கத்து ஊரை வைத்துப் பெயர் 'செடெனாக் ராணி'. எந்த நட்சத்திரத்துக்கும் போனதில்லை. இந்தக் கூலாய் ஊரில் எங்கள் சாப்பாட்டு மேசையைத் தாண்டியதில்லை. சனிக்கிழமையானால் உதிரிப் பாகங்களை மாற்றி வரைவோம். ஒரே சட்டம்: மொத்த எடை கூடக்கூடாது. பெரிய இன்ஜின் வேண்டுமா, வேறு எதையாவது கழற்று.

ஐயா கழற்றியது சமையலறையை. விண்வெளியில் இவருக்கு எவள் சோறு போடுவாளாம்?

மார்ச் 9

இன்று தோட்டம் போனது, என் கறிவேப்பிலை மரத்தோடு. "வேகமா வீட்டுக்கு வரலாம்லா, ஜாக்கி" என்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய், எல்லைப் பாலத்து ஜாமில் வெந்து வருகிறவருக்கு வேகம்தான் வேதம். கம்பத்துக் கிராமப் பையன்கள் கப்சாய் என்கிற குட்டி மோட்டாருக்குப் புகைக்குழாய் மாற்றுகிற அதே புத்தி. சத்தம்தான் கூடும்.

மார்ச் 12

தவக்காலம். கோபப்படக் கூடாதாம். சரி.

மார்ச் 16

என் கட்டிலைக் கழற்றிவிட்டார். புது இன்ஜின் படுக்கையறை வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் ஒற்றைக் கட்டில்.

"நான் எங்க படுக்கிறது?"

"விளையாட்டுதானே."

அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூட வேலை செய்கிற டாரில் என்பவன் சிங்கப்பூரிலேயே, உட்லண்ட்ஸில் அறை எடுக்கிறானாம். பாதி வாடகைக்கு இவரையும் கூப்பிடுகிறானாம். சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாராம்.

அலமாக், அட கடவுளே. பெரிய விஞ்ஞானி. சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு இன்ஜின் மாத்தி மாத்தி, வீட்டையே கழட்டிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? நான் என்ன, கூடுதல் எடையா?

மார்ச் 23

இந்த ஆளுக்காக அழமாட்டேன். பென்சிலை நான் எடுத்தேன். இன்ஜினை முழுதாகக் கழற்றிவிட்டு சமையலறை, தோட்டம், இரண்டு கட்டில் எல்லாம் வைத்தேன். அப்படியும் எடைக்கு இடம் மிச்சமிருந்தது. கறிவேப்பிலை இன்னொன்று நட்டேன்.

பார்த்தார். "இது நகராதே, ஜாக்கி."

"நகர வேணாம். நீங்க போறது வேற கப்பல்தானே."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 31

ஈஸ்டர். பூசை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் தாளை விரித்தார். கப்பலின் வாலில் ஒரு பொடி இன்ஜின் — நாங்கள் முதன்முதலில் வரைந்தது. கட்டில்களைத் தொடவில்லை. இரண்டு கறிவேப்பிலை மரங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருந்தார், எடைக்காக.

"மெதுவாத்தான் வரும்," என்றார். "டாரில்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

இதைச் சொல்ல இவருக்கு இத்தனை நாள். இன்ஜினையும் கோணலாக மாட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 1

விடியுமுன்னே மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். தெருவே எழுந்திருக்கும். என் தூக்கமும் போனது. இனி தினமும் இந்த இம்சைதான். இன்று இரவுக்கு மீன்கறி. அவர் பாலம் தாண்டி வருவதற்குள் ஆறிப்போகும். மறுபடியும் நான்தான் சூடு பண்ண வேண்டும்.