பாக்குக் கால்

செப்டம்பர் 18, தார்வாட்

மைதானத்தில் இன்றும் அதே கிண்டல். "வழி விடுங்கடி, பாக்குக் கால் வந்துட்டா!" முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற செயற்கைக் காலின் கிண்ணம் முழுக்கச் சிவப்பில் 'மயூரசிரி பாக்கு' என்று எழுதியிருந்தால் வேறென்ன சொல்வார்கள்? ஓடுவதற்கென்றே அந்தக் கம்பெனி கொடுத்த கால். இதை மாட்டிய பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

சாயந்திரம் பயிற்சியாளர் ஹுக்கேரி சார் கூப்பிட்டார். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டத்தில் காலில் கம்பெனிப் பேர் தெரியக்கூடாதாம். "பட்டை ஒட்டி மறைச்சுடு நீலவ்வா, ஒண்ணும் ஆகாது."

செப்டம்பர் 20

கம்பெனி மேனேஜர் பெல்லதிடம் போனில் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "பேர் தெரியலேன்னா எங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்? மறைச்சா காலைத் திருப்பிக் குடுத்துடணும். கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல?"

போட்டேன். கால் கிடைக்கிற சந்தோஷத்தில் அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 21

மறைத்தால் கால் போகும். மறைக்காவிட்டால் தேர்வு போகும். யாரிடம் போய் அழ?

அக்டோபர் 5, பெங்களூர்

பெல்லதுக்குத் தெரியாமல் மறைத்தேன். தகுதி ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். கோட்டைத் தாண்டிக் குனிந்து பார்த்தால் — தூறலில் நனைந்து பட்டை சுருண்டு தொங்குகிறது. இரண்டாவதாக வந்த மைசூர்ப் பெண்ணின் பயிற்சியாளர் புகார் கொடுத்துவிட்டார். நடுவர் இரக்கப்பட்டார். "பதினாலாம் தேதி கடைசி ஓட்டம். எழுத்தே இல்லாம வா. இல்லேன்னா வராதே."

அக்டோபர் 9, தார்வாட்

உப்புத்தாளால் தேய்த்தேன். மேலே அடித்த பெயிண்ட் என்று நினைத்தேன். இல்லை. எழுத்து அச்சடித்த துணியை வைத்து, அதன்மேல் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறான் பாவி. தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று தெரிகிறது. சனியனே, போய்த் தொலையேன்! அழுதுகொண்டே தேய்த்தேன்.

"விடுடி, கால் கரைஞ்சுடப் போவுது" என்றாள் அம்மா.

கடைசியில் துணியே நார்நாராக வந்தது. பேர் போய்விட்டது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. அரிவாள், தையல் மெஷின், சைக்கிள் — அந்த வரிசையில் என் காலையும் வைத்து அம்மா விபூதி பூசி, குங்குமமிட்டு, செவ்வந்தி வைத்தாள். பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக்கூடாது. ஓட்டம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது எப்படிச் சும்மா உட்கார? அம்மா பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கப் போன சமயம் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். வளைவில் திரும்பும்போது டப்பென்று ஒரு சத்தம். கிண்ணம் பிளந்துவிட்டது.

"சாமிகிட்ட வச்சதை எடுத்தியே, அதான்டி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாமி இல்லை அம்மா. நான் தேய்த்த இடத்தில்தான் பிளந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 14

போகவில்லை.

அக்டோபர் 22

மைதானத்தில் யாரோ சொல்லி பெல்லதுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டிரைவரை அனுப்பிவிட்டார். "உடைஞ்சதை வச்சு நீங்க என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று அம்மா கெஞ்சினாள். அவன் நிமிர்ந்தே பார்க்காமல் காலைக் கோணிப்பையில் போட்டான். குங்குமம்கூட அழியவில்லை.

இனி எதுக்கு விடியணும்? நான் எழுந்து எங்க போகப் போறேன்?

நவம்பர் 6

கட்டை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அங்கே பெரிய பலகை. அதில் நான் ஓடுகிறேன், காலில் 'மயூரசிரி பாக்கு'. முகத்துக்கு வெள்ளையடித்து, முடியைப் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

அதன் கீழே உட்கார்ந்திருந்த பூக்காரி என் கட்டையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணைப் பாத்தியா தங்கச்சி, என்னமா ஓடுறா! நீயும் அந்தக் கம்பெனியில போய்க் கேளேன். நல்ல மனுஷங்களாம், சும்மாவே கால் குடுக்குறாங்களாம்."

"கேக்குறேன்க்கா" என்றேன். ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டேன்.