பின்சந்தில் வெறுங்கால்

ஜனவரி 20, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஈசூன் அடுக்குமாடி வீட்டில் துணி எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் இவருக்கு மூன்றாவது நாள் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி. தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கியதிலிருந்து செருப்பே கிடையாது. தேக்காவில் மளிகைக்கடை வேலைக்கும் வெறுங்கால்தான். பாதமெல்லாம் வெடிப்பு. பிளாஸ்டர் போடச் சொன்னால் முறைப்பு.

கிளினிக்கில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வெளிநாட்டுப் பயணம்? இல்லை. காட்டு விலங்குகளோடு தொடர்பு? இல்லை. மளிகைக்கடைக்குப் புலியா வருது! டெங்கியாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள்.

வாங்க: இளநீர், சோப்புத் தூள்.

ஜனவரி 22, வியாழன்

டெங்கி இல்லையாம். கண் ரத்தச் சிவப்பு. சிறுநீர் கொஞ்சம்தான், அதுவும் தேத்தண்ணி நிறம். ஆஸ்பத்திரி என்றால், "விரதத்துல இருக்கேன், முருகன் பாத்துப்பான்." முருகனுக்கு வேற வேலை இல்லையா! கத்தித் தீர்த்து, டாக்சியில் இழுத்துப் போனேன்.

அவசரப் பிரிவில் தமிழ் டாக்டர், சின்னப் பெண். முதலில் காலைப் பார்த்தார்.

"அங்கிள், செருப்பில்லாம எங்கெல்லாம் நடக்குறீங்க?"

"கடைக்குத்தான்லா. பின்சந்துல குப்பை போடுவேன். மழைன்னா தண்ணி நிக்கும்."

"எலி இருக்கா?"

"எலி இல்லாம பின்சந்தா?" இவருக்குச் சிரிப்பு வேறு.

டாக்டர் சிரிக்கவில்லை. எலிக்காய்ச்சலாக இருக்கலாமாம். எலி மூத்திரத்துக் கிருமி தண்ணீரில் கலந்து, வெடிப்பு வழியே ஏறி, கிட்னியைப் பிடிக்குமாம்.

'இல்லை' என்று டிக் போட்டது என் கை. எலியை யார் காட்டு விலங்கு என்று நினைப்பார்கள்? இரண்டு நாள் வீண். எரிச்சல், என்மேல்தான்.

ஜனவரி 24, சனி

எலிக்காய்ச்சலேதான். மருந்து ஏறுகிறது. சிறுநீர் வரவில்லை. நாளைக்குள் வராவிட்டால் டயாலிசிஸ்.

கடை முதலாளி போன். "எப்பம்மா வருவாரு? பூசக் கூட்டம்."

"பின்சந்தைக் கழுவினீங்களா?"

"அது நம்ம வேலை இல்லலா."

பட்டென்று வைத்துவிட்டேன். பிறகு கழிப்பறைக்குள் போய் அழுகை. இந்த மனுஷன் இல்லாமல் நான் என்ன செய்வேன்.

ஜனவரி 25, ஞாயிறு

விடிந்ததும் நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினார். அரைப் பை சிறுநீர்! டயாலிசிஸ் வேண்டாமாம். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இவர் கண் திறந்து சொன்ன முதல் பேச்சு: "காவடி போச்சே."

அடிக்கக் கை வந்தது. "அடுத்த வருஷம் நான் பால்குடம் எடுக்குறேன். நேத்து வேண்டிக்கிட்டேன், போதுமா?"

இவர் முகமெல்லாம் மலர்ச்சி. "வெறுங்காலோடயா?"

கோயில் வாசல் வரை செருப்போடுதான். முருகனிடம் அதையும் நேற்றே பேசி முடித்துவிட்டேன்.