கடைசி இரண்டு டப்பா

படப்பை
ஞாயிற்றுக்கிழமை

சுவாதிக் கண்ணுக்கு அப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் அம்மாவும் முட்டி வலியைத் தவிர மற்றபடி சௌக்கியம், வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன உருப்படியும் மெல்போர்னில் சுகமாக இருப்பதாக நினைத்துத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். இது முதலிலிருந்து கடைசிவரை நானே என் வாயால் சொல்ல வேண்டிய விஷயம். செல்வலட்சுமி அக்காவின் மருமகன் புதன்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறார், நீ கேட்ட பருத்தி நைட்டிகளோடு இதையும் அவர் கையில் கொடுத்து விடுகிறேன். தம்பி வசந்த் ஓசூரில் நன்றாக இருக்கிறான், அங்கே ஒரு சொட்டு மழை இல்லையாம்.

இங்கே வெள்ளம் என்று நீ செய்தி பார்த்துவிட்டு, அப்பா, அரிசி இருக்கிறதா, பால் கிடைக்கிறதா, மெழுகுவத்தி இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் வீடு மேட்டில் இருப்பதால் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. எதிரே பிளாட் போட்டு விற்றார்களே, அந்த இடம் முழுக்க ஏரிதான், அவர்கள் நட்ட கொடிகள் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. உன் அம்மா மழை பிடிப்பதற்கு முதல் நாளே கல்யாண வீட்டுக்கு வாங்குவது போல வாங்கி அடுக்கிவிட்டாள். கோதுமை மாவு மட்டும் மூன்று பை. நம் வீட்டில் சப்பாத்தி யாரடி சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், "ஊரே வாங்கிகினு போவுது, நான் மட்டும் வாயப் பாத்துகினு நிக்கணுமா" என்கிறாள். புளியைப் பானையிலும் உப்பைக் குளிக்கிற வாளியிலும் கொட்டி வைத்திருந்தாள். நான் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கூட்டம் ஓடுகிறது என்பதற்காக ஓடுகிற ஆள் நானில்லை என்று பெருமை வேறு பேசினேன். இதெல்லாம் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் ஐந்து பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் என்பது உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் முதல் பஸ் எப்போதும் என்னுடையதுதான். முன்னால் போகிறவனுக்குத்தான் ரோட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும், அதனால் நான் நின்றால் பின்னால் வருகிற நாலும் நின்றுவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. முப்பது வருஷ சர்வீஸுக்கு டிரைவர்கள் எனக்குக் கொடுத்திருக்கிற மரியாதை அது. செவ்வாய்க்கிழமை மண்ணிவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ரோடு முழுகிவிட்டது. தாம்பரத்து ஆட்களைக் கம்பெனியிலேயே தங்க வைத்துவிட்டு, மற்றவர்களைக் கரசங்கால் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பச் சொன்னார்கள். செரப்பணஞ்சேரி தாண்டும்போது இசக்கி என்று ஒரு பெண் என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், காண்டிராக்டில் அசெம்பிளி லைனில் வேலை, கரசங்காலில் ஒற்றை அறையில் குடித்தனம். நாலு மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் தாய்ப்பால் வற்றிவிட்டதாம், டாக்டர் எழுதிக் கொடுத்த பால் பவுடர்தான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதாம். "அண்ணாச்சி, புள்ளைக்குப் பவுடரு தீந்துட்டு, எங்க பக்கம் கடையெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு. படப்பையில ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுதியளா" என்று கேட்டாள். ஸ்டாப் இல்லாத இடத்தில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தக் கூடாது. ஆனாலும் எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. நயினார் மெடிக்கல்ஸ் வாசலில் போய் நிறுத்தினேன்.

நான் செய்த தப்பு பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டாதது. நாலு பஸ்ஸும் வரிசையாக நின்றுவிட்டன. நூற்றைம்பது பேருக்கு மேல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டு கடைக்கு ஓடுகிறாள், முதல் பஸ் டிரைவரே அவளுக்காக நிற்கிறார். என் பஸ்ஸில் வருகிற இளம்பரிதி என்கிற பையன், "இன்னா டிரைவரண்ணே, பால் வண்டி வராதாமே, மெய்யாலுமா" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவன் இறங்கிவிட்டான். அவனைப் பார்த்து பத்துப் பேர், பத்துப் பேரைப் பார்த்து மற்றவர்கள். பத்து நாளைக்குப் பால் கிடையாதாம் என்று கடைசி பஸ்ஸில் இருந்தவன் முதல் பஸ்காரனுக்கே வந்து சொன்னான். கல்யாணமே ஆகாத பையன்கள் குழந்தைப் பால் பவுடரை டீக்கு ஆகும் என்று ஆளுக்கு இரண்டு டப்பா தூக்குகிறார்கள். பக்கத்து மளிகைக் கடையில் ஒருத்தன் எட்டு உப்புப் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறான். எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்று கீழே இறங்கிக் கடைக்குள் போனேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும், "டிரைவரண்ணனுக்கு வயி வுடுங்கப்பா" என்று வழி விட்டார்கள். திட்டப் போனவன் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். நயினார் என்னைப் பார்த்து, "கடைசி ரெண்டு டப்பாதான் கீது, வேணுமா" என்று கேட்டார். முந்தின நாள் நீ அனுப்பினாயே ஒரு படம், உங்கள் ஊர்க் கடையில் பால் பவுடர் அலமாரி காலியாகக் கிடக்கிற படம், என் பிள்ளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று எழுதியிருந்தாயே, அதுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கொடுங்கள் என்று சொன்னது என் வாய்தான். பிறக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிற, கடல் தாண்டி இருக்கிற பேரப்பிள்ளைக்காக நான் அந்த இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு வந்து சீட்டுக்குக் கீழே வைத்தேன். இசக்கி முதலில் ஓடினவள், அவள் வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ இடித்துத் தள்ளத் தெரியாத பெண், உள்ளே ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் நுழைவதற்குள் பின்னால் வந்தவர்கள் கடை வாசலிலேயே ஒதுக்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கடைசி ஆளாக ஏறி உட்கார்ந்தாள். கரசங்காலில் இறங்கும்போது, "கெடைக்கல அண்ணாச்சி. பரவால்ல, நீங்க நிப்பாட்டுனதே பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். டப்பா என் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சுவாதி. குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அவளுக்குப் பின்னால் இறங்க இன்னும் இருபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு முன்னால் நான் எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவை மேஜைமேல் வைத்ததும் உன் அம்மா, "இன்னாய்யா இது, புள்ள பொறக்க இன்னும் அஞ்சு மாசம் கீது, மெல்போர்னுக்கு பஸ்ஸ ஓட்டிகினு போயிக் குடுக்கப் போறியா" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன், ஆனால் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினாள், குடையை எடுத்தாள், "எழுந்திரு" என்றாள், அவ்வளவுதான். முட்டி வலியோடு அவள் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். ஷேர் ஆட்டோக்காரன் பாதி தூரத்தில் இறக்கிவிட்டான், மீதி தூரம் முழங்கால் தண்ணீர். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பிள்ளை அழுகிற சத்தத்தை வைத்தே அறையைக் கண்டுபிடித்தோம். பக்கத்து அறைப் பெண் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள், அது துப்பிவிட்டு இன்னும் கத்துகிறது. அழுதழுது தொண்டை கட்டிப்போன சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

உன் அம்மா உள்ளே போய், புட்டியை வாங்கிக் கழுவிப் பாலைக் கலக்கிப் பிள்ளை வாயில் வைத்த பிறகுதான் அந்த அறையில் சத்தம் நின்றது. இது அப்போதே என் சீட்டுக்குக் கீழேதான் இருந்ததம்மா என்று நான் இசக்கியிடம் சொன்னேன். அவள் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாருக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாள். பேரப்பிள்ளைக்கு என்றேன். எத்தனை மாதம் என்றாள். இன்னும் பிறக்கவில்லை என்றேன். என் முகத்தையே பார்த்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "எங்கப்பாவும் எனக்குன்னா இதத்தான் செஞ்சிருப்பாவ அண்ணாச்சி" என்றாள். அவள் என்னை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கிளம்பும்போது ஒரு டப்பாவைத் திருப்பி என் கையில் கொடுத்து, "ஒண்ணு போதும். எங்க லைன்ல இன்னொருத்தி கைப்புள்ளக்காரி இருக்கா, அவளுக்கும் கெடைச்சிருக்காது" என்றாள். வரும் வழியெல்லாம் உன் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அந்த டப்பாவை என் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். வண்டி நிறைந்ததும் எழுந்து நின்றேன். எனக்கு மேடைப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் வந்ததைச் சொன்னேன். "நேத்து பஸ்ஸ நிறுத்துனதும் நான்தான், கடைசி டப்பாவ அமுக்கிகினு போனதும் நான்தான். கைக்கொயந்த இல்லாத வூட்ல பால் பவுடர் இருந்தா நாளைக்கு எட்தாந்து இங்க வெச்சிருங்க. யாரு வெச்சாங்கன்னு நான் கண்ணாடில பாக்க மாட்டேன்" என்றேன். கம்பெனி கேட்டில் இறங்கும்போது இசக்கி அந்த டப்பாவைத் தன் லைன் பெண்ணுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மற்ற நாலு டிரைவர்களையும் அவரவர் பஸ்ஸில் இதையே சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை காலை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறி முடிக்கும்வரை தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி கேட்டில் திரும்பிப் பார்த்தால் இன்ஜின் பெட்டி தெரியவில்லை, அவ்வளவு டப்பா. நடுவில் யாரோ ஒருவர் நாலு உப்புப் பாக்கெட்டையும் ஒரு கட்டு மெழுகுவத்தியையும் சேர்த்து வைத்திருந்தார். இளம்பரிதி மட்டும் நேராக வந்து, "ஒண்ண ஒடச்சி டீ போட்டுட்டேண்ணே, வாயில வெக்க முடியல" என்று ஒப்புக்கொண்டான். உடைத்ததைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதை இசக்கிதான் ஐந்து பஸ்ஸிலும் கைக்குழந்தை உள்ள பெண்களை விசாரித்துக் கொடுத்தாள். வாங்கினவர்கள் காசை இன்ஜின் பெட்டிமேலேயே வைத்தார்கள், டப்பா கொடுத்தவர்கள் அவரவர் பங்கை எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ரோடு திறந்து கடைகளுக்குச் சரக்கும் வந்துவிட்டது. படப்பையில் எதற்கு நிறுத்தினாய் என்று டிரான்ஸ்போர்ட் ஆபீசில் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒன்பது டப்பா வாங்கி அலமாரியில் அடுக்கியிருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, அது உனக்கு எங்கிருந்து வந்த புத்தி என்று செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன். பெற்ற பிள்ளை என்று வந்துவிட்டால் பயம் வரத்தான் செய்யும், இன்னும் வயிற்றைவிட்டு வராத பிள்ளை என்றால் கூடுதலாகவே வரும். ஆனால் கண்ணு, உன் பிள்ளை பால் குடிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உன் தெருவிலேயோ அடுத்த தெருவிலேயோ இன்றைக்குக் குடிக்க வேண்டிய பிள்ளை ஒன்று இருக்கும், அதன் அம்மா கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துக் கொடுத்துவிடு, நாளைக்கு என்று தள்ளாதே. பிறகு உனக்கு வேண்டும்போது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காதே. அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அவள் அங்கே வந்து இறங்கினால் உங்கள் ஊர்க் கடைக்காரனே பயந்துபோய் எடுத்துக் கொடுப்பான். எல்லாம் நல்லபடியாக நடக்கும், எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, வாந்தி வருகிறது என்று நிறுத்தாதே. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. காஞ்சிபுரத்து வரதர் உங்கள் மூன்று பேரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், சுகப்பிரசவமாகப் பெற்றெடுத்து நூறு வயசு இருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு விவரம் தெரிந்து தாத்தாவைப் பற்றிக் கேட்கும்போது, டப்பா டப்பாவாக வந்து குவிந்த கதையை மட்டும் சொல்லிவிடாதே. உனக்காகத் தாத்தா ஒருநாள் இன்னொரு பிள்ளையின் பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார் என்று முதலில் சொல். பாட்டி கூட்டிக்கொண்டு போனாள், திரும்பப் போய்க் கொடுத்தார் என்று அதற்குப் பிறகு சொல்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா
வரதராஜுலு