நாடியை நிறுத்திய சாமிக்கு

இன்று காலை வார்டில் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் அக்குள் நினைவுக்கு வந்தது. செத்துப்போன புருஷனை நினைக்க மற்றப் பெண்களுக்குச் சந்தனமோ ஜவ்வாதோ வாய்க்கும். எனக்கு வாய்த்தது இது.

நீங்கள் ஊரில் நாடகக் கொட்டகையில் திரை இழுத்தவர். கப்பலில் கூட வந்த எனக்குத்தான் அது தெரியும். மூவார் துறைமுகத்தில் இறங்கியதும் காவியைச் சுற்றிக்கொண்டு ‘பிராண சாமி’ ஆகிவிட்டீர்கள். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போனோம். கண்ணை மூடி உட்கார்ந்து, கங்காணியைக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்வீர்கள். அக்குளில் ஒளித்த பழத்தை இறுக்கினால் கைக்குப் போகிற ரத்தம் தடைபடும். மணிக்கட்டில் நாடி மறையும்.

“அலமாக்! சாமி நெஞ்ச நிப்பாட்டிட்டாரு!” என்று சனம் விழுந்து கும்பிடும். நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். விளக்கேந்திப் பக்கத்தில் நிற்கிற எனக்குச் சிரிப்பு முட்டும்.

ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. பால் வெட்டுகிற பொன்னிக்கு மூச்சிழுப்பு நோய். அவள் புருஷன் கூட்டத்தை விலக்கி அவளை உங்கள் முன்னால் உட்காரவைத்தான்.

“ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற டிரெசர் ஊசி போடறாரு சாமி. நின்னு நின்னு திரும்ப வருது.”

“ஊசி எதுக்கு? மூச்ச அடக்கினா நோய் அடங்கும்” என்றீர்கள். சொன்னதோடு விடாமல் அவள் மூக்கையும் வாயையும் பொத்தினீர்கள். “அடக்கு. இன்னும் அடக்கு.” அவள் கால்கள் மண்ணை உதைத்தன. கூட்டம் அதையும் பக்தி என்றே பார்த்தது.

“விடுங்க, செத்துருவா!” என்று உங்கள் இரண்டு கைகளையும் பற்றி இழுத்தேன். அக்குளிலிருந்து பழம் விழுந்து கங்காணியின் காலடிக்கு உருண்டது. பொன்னி மயங்கிச் சாய்ந்தாள். எல்லாரும் திகைத்து நிற்க, அவள் மார்பு தானாக விம்மி மூச்சை இழுத்தது.

“பாத்தியா, என் சக்தி!” என்றீர்கள், வெட்கமே இல்லாமல்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த டிரெசர் அவளுக்கு ஊசி போட்டுவிட்டு உங்களைப் பார்த்தார். “மயங்கிக் கெடக்கறவ மூச்சு விடறா. யாரு சொல்லி விடறா? பிடரிக்கு மேல மூளையோட அடித்தண்டு இருக்கு, அது சொல்லுது. நாம கொஞ்ச நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். இதயத்தையும் அதுதான் பாத்துக்குது. வெரட்டறதுக்கு ஒரு நரம்பு, இழுத்துப் புடிக்க ஒரு நரம்பு. உங்க உத்தரவ அதுங்க எங்கங்க கேக்குது?”

உங்கள் மணிக்கட்டு இன்னும் என் பிடியில்தான் இருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. பயந்த மனிதனின் நாடி. ஊரார் முன்னால் உங்கள் உடம்பு சொன்ன ஒரே உண்மை அது.

கூட்டம் உங்களைத் தோட்டத்து எல்லைவரை விரட்டிக்கொண்டு வந்தது.

“புருஷன் மானத்த வாங்கிட்டியேடி!” என்று பல்லைக் கடித்தீர்கள்.

“மானம் என்ன, அக்குள்லயா இருந்துச்சு?” என்றேன். அதற்குமேல் உங்களோடு நடக்கவில்லை. திரும்பிப் போய் டிரெசரிடம் வேலை கேட்டேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார்.

நீங்கள் கெலாங் பாத்தா பக்கம் போய் அதே காவி, அதே வித்தை. அங்கேதான் காய்ச்சலில் போனீர்கள் என்று ஆள் வந்து சொன்னான். மூச்சு முட்டியபோது, “டாக்டரக் கூப்பிடுங்க, ஊசி போடச் சொல்லுங்க” என்று அழுதீர்களாம். எனக்கு அழுகை வரவில்லை. தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

இழுப்புக்காரர்கள் வந்தால் முதுகைத் தாங்கி உட்காரவைப்பது இப்போது என் வேலை. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். “புடிக்காதீங்க. மெதுவா வெளிய விடுங்க. உள்ள போறது தானா போகும்” என்பேன். பலருக்கு அதிலேயே பயம் பாதி குறைந்துவிடும். இதை நீங்கள் கற்றுக்கொடுத்ததாக எங்கேயும் நான் சொல்வதில்லை. உங்களோடு குடித்தனம் நடத்தி நான் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘அடக்கு’ என்று யார் சொன்னாலும், முதலில் அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.